இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்கத்தைப் பார்

டிராக்டரில் ஏறி உட்கார்ந்தால் வலது காலுக்கு முன்னால் இரண்டு பிரேக் மிதிகள் அருகருகே இருக்கும். ஒன்று இடது பின்சக்கரத்துக்கு, மற்றொன்று வலது பின்சக்கரத்துக்கு. உழுதுகொண்டே வரப்பருகே வந்ததும் ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒடித்து, திரும்ப வேண்டிய பக்கத்து மிதியை மட்டும் அழுத்துகிறார். அந்தப் பக்கத்துச் சக்கரம் நின்றுகொள்ள, மற்றது உருண்டு வர, வண்டி குறுகிய இடத்தில் திரும்பிவிடுகிறது. வேலை முடிந்து சாலைக்கு வந்தால் இரண்டு மிதிகளையும் கொண்டியால் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். பூட்டாமல் வேகமாகப் போகையில் ஒரு மிதியில் மட்டும் கால் பட்டால் வண்டி அந்தப் பக்கம் சுழன்று கவிழக்கூடும்.

1997இல் இதே உத்தி ஃபார்முலா 1 பந்தயத்துக்குள் நுழைந்தது. மெக்லாரன் கார்கள் வளைவில் வேகமெடுத்து வெளியேறும் இடத்தில், பிரேக்குக்கு வேலையே இல்லாத அந்த நொடியில், ஒரு பின்சக்கரத்தின் டிஸ்க் மட்டும் செந்தணலாக ஒளிர்வதைப் புகைப்படக்காரர் டேரன் ஹீத் தன் படங்களில் கவனித்தார். அதே ஆண்டு நூர்பர்க்ரிங் பந்தயத்தில் இரண்டு மெக்லாரன் கார்களும் பழுதாகி ஓரத்தில் நின்றன. ஹீத் ஒரு காரின் ஓட்டுநர் இருக்கைப் பகுதிக்குள் கேமராவை நீட்டிப் படமெடுத்தார். உள்ளே கூடுதலாக ஒரு பிரேக் மிதி இருந்தது. ஒரு பின்சக்கரத்தை மட்டும் பிடித்துக் காரை வளைவுக்குள் திருப்புவதற்கான ஏற்பாடு அது. எதிரணிகள் முறையிட்டன; 1998 பிரேசில் பந்தயத்தின்போது அந்த மிதி தடை செய்யப்பட்டது.

இரு பக்கமும் சமமில்லாமல் பிரேக் பிடித்தால் வண்டி திரும்பும். இந்த இயற்பியலை டிராக்டர் ஓட்டுநர் கருவியாகப் பயன்படுத்துகிறார். 1995இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் அறிமுகமான இஎஸ்பி என்னும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இதையே மருந்தாகப் பயன்படுத்துகிறது: கார் வழுக்கிச் சுழலத் தொடங்கினால், கணினி ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து நேர்ப்படுத்துகிறது. ஓட்டுநரோ கணினியோ கேட்காமல் இந்தச் சமமின்மை தானாக நேர்ந்தால் நோய். "பிரேக் போட்டா வண்டி ஒரு பக்கம் இழுக்குது" என்று சொல்லிக்கொண்டு தினமும் பட்டறைக்கு வரும் வண்டிகளின் நோய் இதுதான்.

கழித்தலின் விடை

பயணிகளோடு சேர்த்து 1,200 கிலோ உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்கு அதன் வேகம் குறைய வேண்டுமானால், நான்கு டயர்களும் சேர்ந்து ஏறக்குறைய 5,900 நியூட்டன் விசையைத் தர வேண்டும். பிரேக் பிடிக்கையில் பாரம் முன்பக்கம் சாய்வதால் சுமார் 70 சதவீதம் முன்சக்கரங்கள் மீது விழுகிறது. ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் 2,000 நியூட்டனுக்குச் சற்று மேல்.

இப்போது வலது முன்சக்கரத்தின் பிரேக் 70 சதவீதம்தான் பிடிக்கிறது. இரு பக்கத்துக்கும் வித்தியாசம் 600 நியூட்டன். சக்கரம் காரின் நடுக்கோட்டிலிருந்து 0.7 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே காரை இடப்பக்கம் திருப்ப 420 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை கிளம்புகிறது. சிறிய காரின் வீல் நட்டை இறுக்க ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் போதும். இது அதைப்போல் நான்கு மடங்கு.

கார் போனது இடப்பக்கம். பழுது இருப்பது வலப்பக்கம்.

இந்த இடத்தில்தான் பணமும் நேரமும் வீணாகின்றன. இடப்பக்கம் இழுத்தால் இடது சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பது மனித இயல்பு. கயிறு இழுக்கும் போட்டியில் கயிறு இடப்பக்கம் நகர்ந்தால் இடது அணி பலசாலி என்றும் சொல்லலாம், வலது அணியில் இருவர் கையை விட்டுவிட்டார்கள் என்றும் சொல்லலாம். நகர்ந்த கயிறு எதுவும் சொல்லாது. வண்டியின் இழுப்பும் அப்படித்தான். அது ஒரு கழித்தலின் விடையை மட்டுமே காட்டுகிறது. கழிபட்ட இரண்டு எண்களில் எது தவறானது என்று கண்டுபிடிப்பதே பழுதறிதல்.

வலது பிரேக்குக்கு மேலே சொன்ன 70 சதவீதம் தற்செயலான எண் அல்ல. உருளைகள் மீது சக்கரங்களைச் சுழலவிட்டு ஒவ்வொன்றின் பிரேக் விசையையும் தனித்தனியாக அளக்கும் இயந்திரம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு வாகனச் சோதனை நெறிமுறைப்படி, ஒரே அச்சில் உள்ள இரு சக்கரங்களில் பலவீனமானது பலமானதன் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அது பெருங்குறை. திரும்பும் சக்கரங்களில் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆபத்தான குறை. பிரிட்டனின் ஆண்டுச் சோதனையும் இதே எல்லைகளைத்தான் வைத்திருக்கிறது.

பாஸ்கல் தந்த சமம்

ஆரம்பகாலக் கார்களில் மிதியின் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோனவை இரும்புக் கம்பிகளும் கேபிள்களும். நான்கு சக்கரத்துக்கும் நான்கு பாதைகள். ஒரு கேபிள் கொஞ்சம் நீண்டால், ஓர் இணைப்பில் துரு ஏறினால், சமநிலை போய்விடும். திருகுகளை அடிக்கடி முறுக்கிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.

அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட் இதற்குத் தீர்வை 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கலின் விதியில் எடுத்தார். மூடிய கலத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாத் திசையிலும் பரவும். மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரில் உண்டாகும் அழுத்தம் குழாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும், எத்தனை வளைவு வளைந்தாலும், இடது வலது இரு சக்கரங்களையும் ஒரே அளவில் போய்ச் சேரும். 1921இல் வெளிவந்த டூசன்பெர்க் மாடல் ஏ கார் நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக்குடன் வந்தது. தோலால் ஆன அடைப்புகள் கசிந்துகொண்டிருந்தன. 1924இல் கிரைஸ்லர் அவற்றுக்குப் பதில் ரப்பர் அடைப்புகளைப் போட்டது. ஃபோர்டு 1939 மாடலில்தான் கம்பிகளைக் கைவிட்டது.

ஆனால் பாஸ்கல் உறுதி தருவது அழுத்தத்துக்கு மட்டும். குழாயில் 30 பார் அழுத்தம் இருந்தால் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரில் உள்ள 54 மில்லிமீட்டர் விட்டப் பிஸ்டன், சுமார் 700 கிலோ பாரத்துக்குச் சமமாக, உராயும் பேடை டிஸ்க்கோடு அழுத்த வேண்டும். அது கணக்கு. பிஸ்டன் துருவேறிச் சிக்கிக்கொண்டால் அந்த 700 கிலோவில் ஒரு பகுதி துருவோடு போராடுவதிலேயே கழிந்துவிடும். பேடில் கிரீஸ் பட்டிருந்தால் முழு அழுத்தம் வந்தும் உராய்வு கிடைக்காது. உராய்வு கிடைத்தும் டயர் வழவழத்திருந்தால் அது தார்ச்சாலைக்குப் போய்ச் சேராது. மிதிக்கும் சாலைக்கும் நடுவே சமம் குலையக்கூடிய இடங்கள் பல. அவற்றை வரிசையாகத் தட்டிப் பார்ப்பதுதான் மெக்கானிக்கின் வேலை.

பட்டறைகளில் பரவலாக உள்ள ஒரு பழக்கத்தையும் பாஸ்கல் விதி கேள்விக்குள்ளாக்குகிறது. வண்டி இழுக்கிறது என்றதும் பலர் முதலில் செய்வது பிரேக்கில் ஏர் எடுப்பது. குழாயில் காற்று புகுந்திருந்தால் மிதி மெத்தென்று ஆழமாக இறங்கும். ஆனால் ஒரே சுற்றில் இணைந்த இரு சக்கரங்களிலும் அழுத்தம் அப்போதும் சமமாகவே இருக்கும். மிதி கெட்டியாக நின்று வண்டி தொடர்ந்து ஒரு பக்கமே இழுத்தால், காற்றைக் குற்றம் சொல்ல இடமில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

நல்ல மெக்கானிக் ஸ்பேனரைக் கையில் எடுக்குமுன் ஓட்டுநரிடம் பேசுகிறார். பிரேக் போடாதபோதும் இழுக்கிறதா? ஆம் என்றால் டயர் காற்று, வீல் அலைன்மென்ட், அல்லது விடாமல் உரசிக்கொண்டே இருக்கும் பிரேக் ஆகியவை முதலில் வருகின்றன. சாலையின் குணத்தையும் மறக்கக் கூடாது. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதி உயர்த்தி, ஓரங்கள் சரித்துப் போடப்படுகின்றன. நம் நாட்டில் இடது ஓரமாக ஓட்டுவதால் எந்த வண்டியும் மெல்ல இடப்பக்கம் நகரப் பார்க்கும். அதனால் சோதனை ஓட்டத்துக்குச் சமதளமான, ஆளில்லாத இடம் வேண்டும். அதற்கும் முன்பாக நான்கு டயர்களிலும் சரியான காற்று வேண்டும்.

ஸ்டியரிங் கையை இழுக்கிறதா, அல்லது ஸ்டியரிங் அமைதியாக இருக்க வண்டியின் பின்புறம் நெளிகிறதா? முதலாவது முன்சக்கரங்களைச் சுட்டுகிறது, இரண்டாவது பின்சக்கரங்களை.

மழை பெய்த காலையில் மட்டும், முதல் இரண்டு மூன்று பிரேக்கில் மட்டும் இழுத்துப் பிறகு சரியாகிறதா? டிரம் பிரேக்காக இருந்தால் ஒரு பக்கம் நீர் புகுந்திருக்கலாம். டிரம் பிரேக்குக்கு ஒரு தனிக்குணம் உண்டு. சுழலும் டிரம்மே முன்பக்க ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். குறைந்த மிதியழுத்தத்தில் நிறைய பிடி கிடைப்பது இதன் லாபம். லைனிங்கின் உராய்வில் ஏற்படும் சிறு மாற்றமும் பெருகி வெளிப்படுவது இதன் நஷ்டம். நான்கு சக்கரத்திலும் டிரம் இருந்த பழைய அம்பாசிடர் காலத்து ஓட்டுநர்களுக்கு, தேங்கிய நீரைக் கடந்ததும் மிதியை லேசாக அழுத்தியபடியே ஓட்டி லைனிங்கைக் காயவைப்பது கைவந்த வழக்கம். டிஸ்க் பிரேக்கில் இந்தப் பெருக்கம் இல்லை. உராய்வு பத்து சதவீதம் மாறினால் பிடியும் பத்து சதவீதமே மாறும். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் வந்த பிறகு இழுப்பு குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு திசைக்கும் இழுக்கும் ஒரே பழுது

கேள்விகளிலேயே மிகச் சுவையானது இது: மிதிக்கும்போது ஒரு பக்கமும், விடும்போது எதிர்ப்பக்கமும் போகிறதா?

கேட்பவருக்கு இரண்டு தனித்தனிப் பழுதுகள் போலத் தோன்றும். பெரும்பாலும் ஒன்றுதான். காலிப்பருக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ், வருடக்கணக்கான வெயிலிலும் அதிர்விலும் உட்புறமாக ஊதிப்போகிறது. வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. உள்ளே துளை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். இடது ஹோஸ் இப்படி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மிதித்ததும் வலது காலிப்பருக்கு அழுத்தம் உடனே போகிறது, இடதுக்குத் தாமதமாகப் போகிறது. வண்டி வலப்பக்கம் ஓடுகிறது. மிதியிலிருந்து காலை எடுத்ததும் வலது விட்டுவிடுகிறது. இடது காலிப்பரில் புகுந்த ஆயில் அதே குறுகிய துளை வழியே திரும்ப வேண்டும் என்பதால் அது இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. வண்டி இடப்பக்கம் வருகிறது. பாஸ்கல் சொன்ன சமம் கடைசியில் வரத்தான் செய்கிறது, ஆனால் நேரம் தவறி வருகிறது.

வெப்பம் சொல்லும் சாட்சி

பிரேக் என்பது ஓட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றும் இயந்திரம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அந்த 1,200 கிலோ காரின் இயக்க ஆற்றல் சுமார் 1,67,000 ஜூல். ஒரு முன் டிஸ்க் அதில் 35 சதவீதத்தை வாங்கிக்கொள்கிறது. அந்த டிஸ்க் ஐந்து கிலோ வார்ப்பிரும்பு என்றால், ஒரே முறை நிறுத்தும்போது அதன் வெப்பநிலை ஏறக்குறைய 25 டிகிரி உயரும். நான்கைந்து முறை அடுத்தடுத்து நிறுத்தினால் 100 டிகிரியை எளிதாகத் தாண்டிவிடும்.

வேலை செய்யாத டிஸ்க்கோ அந்த அளவு சூடாகாது. சோதனை ஓட்டம் முடிந்த உடனே, தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை இரு டிஸ்க்குகள் மீதும் காட்டினால், எது உழைத்தது, எது சும்மா இருந்தது என்பது எண்ணாகவே தெரிந்துவிடும். கையால் தொட்டுப் பார்ப்பது தோலைப் பொசுக்கும்.

இன்னொரு ஓட்டமும் தேவை. இம்முறை பிரேக்கைக் கூடுமானவரை தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி, வண்டியைத் தானாக உருண்டு நிற்கவிட வேண்டும். இப்போதும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் அது விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. முதல் சோதனையில் ஒரு பக்கம் குளிர்ந்திருந்தால் அந்தப் பக்கம் பலவீனம். இரண்டாவதில் ஒரு பக்கம் சூடாக இருந்தால் அந்தப் பக்கம் இறுக்கம். விடையை மட்டும் காட்டிய கழித்தலின் இரு எண்களும் இப்போது தனித்தனியே கைக்கு வந்துவிட்டன.

ஜாக்கியும் ஒரு சிறு நிப்பிளும்

உரசும் சக்கரம் எது என்று தெரிந்ததும் வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்துப் பத்திரப்படுத்துகிறார்கள். உதவியாளர் மிதியை அழுத்திவிட்டு விடுகிறார். சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்றவில்லை. காலிப்பர் சிக்கியிருக்கிறதா, ஹோஸ் அடைத்திருக்கிறதா? காலிப்பரின் பிளீடர் நிப்பிளைக் கால் சுற்று திறந்தால் பதில் கிடைக்கும். கொஞ்சம் ஆயில் பீய்ச்சி வெளியேறி, சக்கரம் உடனே தளர்ந்தால், உள்ளே அழுத்தம் சிறைப்பட்டிருந்தது. பழுது ஹோஸிலோ அதற்கும் மேலேயோ இருக்கிறது. அழுத்தம் போன பிறகும் சக்கரம் இறுகியே இருந்தால் பிஸ்டனோ காலிப்பரின் வழுக்குப் பின்னோ சிக்கியிருக்கிறது.

இந்தப் பின்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய பெரும்பாலான சிறு கார்களின் காலிப்பரில் பிஸ்டன் உட்புறம் மட்டுமே இருக்கிறது. அது உள் பேடை டிஸ்க்கோடு அழுத்தும்போது, எதிர்விசையால் காலிப்பர் முழுவதும் இரண்டு பின்கள் மீது நகர்ந்து வெளி பேடையும் இழுத்து அழுத்துகிறது. பின்களின் ரப்பர் உறை கிழிந்து நீர் புகுந்தால் கிரீஸ் கரைந்து துரு ஏறும், நகர்வு நிற்கும். பேடுகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தால் கதை புரிந்துவிடும். உள் பேடு தேய்ந்து வெளி பேடு தடிமனாக இருந்தால் பின் சிக்கியிருக்கிறது. இரண்டுமே அடுத்த பக்கத்துப் பேடுகளைவிடத் தடிமனாக இருந்தால், அந்தப் பக்கம் அழுத்தமோ பிஸ்டனோ வேலை செய்யவில்லை. புதுப் பேடு போடும் அவசரத்தில் பழைய பேடுகளைக் கலந்து குப்பையில் போடுவது, கிடைத்த தடயத்தைத் தூக்கிப்போடுவதாகும்.

மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுப் பேடு, மறுபக்கம் பழசு என்றால் உராய்வு எண் வேறுபட்டு, பழுதே இல்லாத இடத்தில் புதிதாக ஓர் இழுப்பு பிறக்கும். பிரேக் ஆயில் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். ஆயில் என்று அழைத்தாலும் கார்களில் பரவலாகப் பயன்படுவது கிளைக்கால் வகைத் திரவம். அதில் எஞ்சின் ஆயில் போன்ற கனிம எண்ணெய் கலந்தால் ரப்பர் அடைப்புகள் ஊதி, ஒவ்வொரு சக்கரமும் ஒவ்வொரு விதமாகச் சிக்கத் தொடங்கும்.

பிரேக் நிரபராதியானால்

உருளை இயந்திரத்தில் நான்கு சக்கரமும் சமமாகப் பிடிக்கின்றன. சாலையில் மட்டும் வண்டி இழுக்கிறது. இது குழப்பம் அல்ல, மிகத் தெளிவான தடயம். பிரேக்குகள் நல்லவை, அவை தரும் விசையைத் தாங்கும் உறுப்புகள் தளர்ந்திருக்கின்றன. முன்சக்கரத்தைக் காரோடு பிணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தால், பிரேக் பிடித்ததும் சக்கரம் சில மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்ந்து கோணம் மாறிவிடும். அந்த நொடியில் அந்தச் சக்கரம் வேறு பக்கம் பார்த்து உருள்கிறது. உருளை இயந்திரத்தில் கார் முன்னே ஓடுவதில்லை என்பதால் திசைமாற்றம் அங்கே தெரியாது. பால் ஜாயின்டும் டை ராட் எண்டும் இதே வகைக் குற்றவாளிகள்.

முன்சக்கரம் திரும்பும் அச்சைக் கற்பனையில் தரைவரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் பகுதியின் நடுப்புள்ளிக்கு உட்பக்கம் விழலாம், வெளிப்பக்கமும் விழலாம். உட்பக்கம் விழும் வண்டியில், அதிகம் பிடிக்கும் சக்கரம் ஸ்டியரிங்கையும் தன் பக்கமே திருப்பி இழுப்பைக் கூட்டும். 1972இல் வந்த ஆடி 80 காரில் அந்தப் புள்ளியை வெளிப்பக்கம் தள்ளினார்கள். இப்போது அதிகம் பிடிக்கும் சக்கரமே ஸ்டியரிங்கை எதிர்த்திசையில் திருப்புகிறது. இழுப்பு தன்னைத்தானே பெருமளவு ரத்து செய்துகொள்கிறது. அந்தக் காரின் பிரேக் சுற்றுகள் மூலைவிட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தன: இடது முன்சக்கரத்தோடு வலது பின்சக்கரம், வலது முன்சக்கரத்தோடு இடது பின்சக்கரம். ஒரு சுற்று செத்துப்போனால் ஒரே ஒரு முன்சக்கரம்தான் பிடிக்கும். அப்போதும் கார் ஏறக்குறைய நேராக நிற்க இந்த வடிவவியல் உதவியது. பின்னாளில் முன்சக்கர இயக்கமுள்ள எண்ணற்ற சிறு கார்கள் இதே வழியைப் பின்பற்றின.

இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு விலையும் உண்டு. வடிவவியலும் இஎஸ்பியும் மின்விசை ஸ்டியரிங்கும் சிறு இழுப்பை ஓட்டுநரின் கைக்குத் தெரியாமல் சமாளித்துவிடுகின்றன. பழைய வண்டி முதல் நாளே கத்தியிருக்கும். புதிய வண்டி ஒரு காலிப்பர் முழுதாகச் சிக்கும்வரை அமைதியாக ஓடலாம். அதனால் இழுப்பே இல்லாதபோதும் சர்வீஸுக்குச் சர்வீஸ் இரு பக்கப் பேடுகளின் தடிமனை அளந்து ஒப்பிடுவது அவசியமாகிறது.

இழுத்த இடத்தையும் கேட்க வேண்டும்

வண்டியில் எந்தக் குறையும் இல்லாமலே இழுக்கும் இடங்கள் உண்டு. நெடுஞ்சாலையின் இடது ஓரத்தில் மணல் படிந்திருக்கிறது. இடது சக்கரங்கள் மணலிலும் வலது சக்கரங்கள் தாரிலும் இருக்கும்போது பிரேக் போட்டால் தார்மீதுள்ள சக்கரங்களே அதிகம் பிடிக்கும். வண்டி வலப்பக்கம், எதிரே வரும் வண்டிகளை நோக்கித் திரும்பும். அன்று ஒருமுறை மட்டும், ஓரிடத்தில் மட்டும் இழுத்தது என்று ஓட்டுநர் சொன்னால் காலிப்பரைக் கழற்ற வேண்டியதில்லை.

வாகனச் சோதனைத் தடங்களில் இந்த நிலைமையை வேண்டுமென்றே உருவாக்குகிறார்கள். ஒரு பக்கம் நீர் ஓடும் வழுக்குத் தளம், மறுபக்கம் சொரசொரப்பான தளம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பொருத்திய கார் அதன்மீது முழு பிரேக்குடன் ஓட்டிப் பார்க்கப்படுகிறது. இரண்டு பின்சக்கரங்களுக்கும் வழுக்கும் பக்கத்துச் சக்கரம் தாங்கும் அழுத்தத்தை மட்டுமே கணினி அனுமதிக்கிறது, பின்புறம் சுழலாமல் இருக்க. நல்ல பிடியுள்ள பக்கத்து முன்சக்கரத்துக்கோ அழுத்தத்தை ஒரேயடியாகக் கொடுக்காமல் படிப்படியாக ஏற்றுகிறது. நிற்கும் தூரம் இதனால் கொஞ்சம் கூடுகிறது. ஓட்டுநர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்க அந்தச் சிறு தாமதம் போதுமானதாக இருக்கிறது.